டைனமிக்ஸ் கணக்கில் விசை முன்கூட்டியே தெரிவதில்லை

பொறியியல் படிப்பில் மெக்கானிக்கல், சிவில், ஆட்டோமொபைல் என்று எந்தப் பக்கம் போனாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ் தாள் வந்துவிடும். அதன் முன்பாதி ஸ்டாடிக்ஸ், பின்பாதி டைனமிக்ஸ். பின்பாதியைப் பற்றி விடுதி அறைகளில் இரண்டு கருத்துகள் உலவுகின்றன. "ப்ளஸ் டூ இயற்பியலேதான், எண்கள் கொஞ்சம் பெரிசு" என்பது ஒன்று. "ஃபார்முலாவை மனப்பாடம் பண்ணிவிட்டால் அரியர் விழாது" என்பது இன்னொன்று. இரண்டையும் நம்பித் தேர்வுக்குப் போனவர்கள் வெளியே வந்து சொல்வதும் ஒன்றுதான்: ஃபார்முலா எல்லாம் தெரிந்திருந்தது, விடை மட்டும் வரவில்லை.

ஏன் வரவில்லை என்று விடைத்தாளைப் புரட்டினால் மூன்று வரிகள் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். செங்குத்து விசை, அதாவது தரை பொருளைத் தள்ளும் விசை, எடைக்குச் சமம். கயிற்றின் இழுவிசை, தொங்கும் பொருளின் எடைக்குச் சமம். உராய்வு என்றால் மியூ (உராய்வுக் குணகம்) பெருக்கல் செங்குத்து விசை. மூன்றுமே சில இடங்களில் சரியானவை என்பதால்தான் தொல்லை. ஒரு சில கணக்குகளில் வேலை செய்துவிடுவதால் எல்லாக் கணக்கிலும் எழுதத் தோன்றுகிறது. உண்மையில் மூன்றுக்கும் வேர் ஒன்றே: பொருள் எப்படி நகர்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே அதன் மேல் எவ்வளவு விசை இருக்கிறது என்று தெரியும் என நினைத்துக்கொள்வது. இந்தக் கட்டுரை அந்த ஒரு விஷயத்தைத்தான் பிரித்துப் பார்க்கிறது.

ஸ்டாடிக்ஸில் இருந்து எங்கே பிரிகிறது

நிற்பதெல்லாம் ஸ்டாடிக்ஸ், ஓடுவதெல்லாம் டைனமிக்ஸ் என்று சொல்வது பாதி உண்மைதான். நேரான தண்டவாளத்தில் ஒரே வேகத்தில் ஓடும் ரயில் பெட்டியின் மேல் உள்ள விசைகளைக் கூட்டினால் பூச்சியம். நிற்கும் பெட்டிக்கும் பூச்சியம். விசைக் கணக்கைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே வகை. நியூட்டன் 1687-இல் வெளியிட்ட முதல் விதி சொல்வது இதைத்தான்.

பிரிக்கும் கோடு முடுக்கம். திசைவேகம் எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதே முடுக்கம். திசைவேகத்துக்குத் திசையும் உண்டு. அதனால் வேகமானி முள் அசையாமல் நின்றாலும், வண்டி வளைவில் திரும்பினால் முடுக்கம் இருக்கிறது. முடுக்கம் பூச்சியமானால் ஸ்டாடிக்ஸ் போதும். பூச்சியமில்லை என்றால் விசைகளின் கூட்டுத்தொகை நிறை பெருக்கல் முடுக்கத்துக்குச் சமமாக வேண்டும். டைனமிக்ஸ் முழுக்க இந்த ஒரு வரியின் மேல்தான் நிற்கிறது.

பாடம் இரண்டு துண்டுகளாக வரும். விசை என்ற பேச்சே எடுக்காமல் இயக்கத்தை மட்டும் விவரிப்பது கைனமேட்டிக்ஸ். எங்கே இருந்தது, எவ்வளவு வேகம், எவ்வளவு முடுக்கம், அவ்வளவுதான். அந்த இயக்கத்தை விசையோடு கட்டுவது கைனட்டிக்ஸ். முதல் துண்டை ஏதோ முன்னுரை மாதிரி நினைத்துத் தாண்டிப் போகிறவர்கள் நிறையப் பேர். ஆனால் பின்னால் விசைச் சமன்பாடுகளை எழுதும்போது தெரியாத அளவுகள் சமன்பாடுகளைவிட ஒன்றிரண்டு கூடுதலாக இருக்கும். அந்த இடைவெளியை நிரப்புவது கைனமேட்டிக்ஸ்தான்.

பொருளைப் பார்க்கும் விதமும் இரண்டு. சுழற்சியைக் கண்டுகொள்ளத் தேவையில்லை என்றால் அது துகள். சுழற்சியும் கணக்கில் வர வேண்டும், ஆனால் உருவம் நெளியாது என்றால் திண்பொருள். பொருளின் பருமனுக்கும் இந்தப் பிரிவுக்கும் சம்பந்தமில்லை. சென்னையில் இருந்து மதுரைக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்ற கேள்விக்கு முழு ரயிலும் ஒரு துகள். மேசையில் உருண்டோடும் ஒரு ரூபாய் நாணயம் திண்பொருள்.

ப்ளஸ் டூவில் இருந்து கையோடு வரும் மூன்று சமன்பாடுகள்

இறுதித் திசைவேகம் என்பது தொடக்கத் திசைவேகத்தோடு முடுக்கம் பெருக்கல் நேரத்தைக் கூட்டியது என்று ஆரம்பிக்கும் அந்த மூன்று சமன்பாடுகளும் முடுக்கம் மாறாமல் இருந்தால் மட்டுமே செல்லும். பள்ளிக் கணக்குகளில் பெரும்பாலும் முடுக்கம் மாறாது. கல்லூரியில் பெரும்பாலும் மாறும். ஸ்பிரிங்கில் கட்டிய கட்டையின் முடுக்கம் அது இருக்கும் இடத்தைப் பொறுத்தது. காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் வண்டிக்கு அது வேகத்தைப் பொறுத்தது.

ஒரு சின்னக் கணக்கு. ஓய்வில் இருந்து புறப்படும் பொருளின் முடுக்கம் நேரத்தின் 6 மடங்கு என்று வைத்துக்கொள்வோம். 2 வினாடி முடிவில் முடுக்கம் 12 மீ/வி². தொகையீடு (இன்டக்ரேஷன்) செய்தால் வேகம் 12 மீ/வி, கடந்த தூரம் 8 மீட்டர். அந்தக் கடைசி 12-ஐ எடுத்துப் பழைய சமன்பாட்டில் போட்டால் வேகம் 24, தூரமும் 24. தூரத்தில் மூன்று மடங்கு பிழை. எனவே கேள்வியைப் படித்ததும் முதலில் பார்க்க வேண்டியது முடுக்கம் மாறிலியா இல்லையா என்பதை. மாறுகிறது என்றால் தொகையீட்டைத் தவிர வேறு வழியில்லை.

கூட்டுக் குடும்பக் கணக்கும் விசைப்படமும்

இனி விசைக்கு வருவோம். ஒரு கூட்டுக் குடும்பம். தம்பி அண்ணனிடம் ஐயாயிரம் ரூபாய் கைமாற்று வாங்கியிருக்கிறான். வங்கியில் குடும்பத்தின் பேரில் ஒரு கடனும் இருக்கிறது. மொத்தக் குடும்பத்தின் வரவு செலவு எழுதினால் வங்கிக் கடன் வரும், ஐயாயிரம் வராது. ஒரே வீட்டுக்குள் கை மாறிய பணம் அது. தம்பியின் கணக்கை மட்டும் தனியாக எழுதினால் ஐயாயிரம் கடன் என்று நிற்கும். அண்ணன் கணக்கில் அதே ஐயாயிரம், வர வேண்டியது என்று எதிர்ப்பக்கத்தில் நிற்கும். யாருடைய கணக்கை எழுதுகிறோம் என்பதை முதலில் சொல்லாமல் "ஐயாயிரம் வருமா, வராதா" என்று சண்டை போட்டால் விடியாது.

டைனமிக்ஸில் இந்தத் தனிக் கணக்குக்குப் பெயர் தனித்த பொருள் விசைப்படம். வகுப்பில் ஃப்ரீ பாடி டயகிராம், சுருக்கமாக எஃப்.பி.டி. என்பார்கள். ஒரு பொருளை, அல்லது சேர்ந்து நகரும் சில பொருள்களை, சுற்றியிருக்கும் எல்லாவற்றில் இருந்தும் வெட்டித் தனியே வரைந்து, வெளியே இருந்து அதன் மேல் வரும் விசைகளை மட்டும் அம்புக்குறியாகப் போடுவது. வெட்டின கோட்டுக்குள் ஒன்றின் மேல் ஒன்று செலுத்தும் விசைகள் உள்விசைகள்; அவை படத்தில் வராது. கோட்டை நகர்த்தி இரண்டு பொருள்களைத் தனித்தனியாக வெட்டினால் அதே விசை இரண்டு படத்திலும், ஒரே அளவில், எதிரெதிர்த் திசையில் வந்து உட்காரும். நியூட்டனின் மூன்றாம் விதி சொல்வது அதைத்தான். வினையும் எதிர்வினையும் ஒன்றையொன்று சமன் செய்துவிடாதா என்று எல்லா வகுப்பிலும் ஒருவர் கேட்பார். அவை ஒரே பொருளின் மேல் இல்லை. வேறு வேறு ஆளின் கணக்கில் இருக்கின்றன.

படத்தில் வரும் விசைகள் எவை? புவியீர்ப்பு ஒன்றைத் தவிர, இந்தத் தாளில் ஏறக்குறைய எல்லாமே தொடுவதால் வருபவை: தரை, கயிறு, ஸ்பிரிங், கீல், கை. வெட்டின கோட்டைச் சுற்றி விரலை ஓட்டி, எங்கெல்லாம் ஏதாவது தொடுகிறதோ அங்கெல்லாம் அம்பு போட்டால் விசை எதுவும் விட்டுப்போகாது. தொடாத இடத்தில் "இயக்க விசை" என்று ஒரு அம்பு போடத் தோன்றும். மேலே எறிந்த பந்துக்கு மேல்நோக்கி ஒரு விசை போடும் பழக்கம் இரண்டாம் ஆண்டு வரைக்கும் போவதில்லை. கையை விட்டுப் பந்து கிளம்பிய பிறகு, காற்றைக் கணக்கில் எடுக்காவிட்டால், அதன் மேல் இருப்பது எடை மட்டும்.

கயிற்றின் இழுவிசை: முதல் அவசரம்

உராய்வில்லாத மேசையின் மேல் 3 கிலோ கட்டை. அதில் கட்டிய கயிறு மேசை விளிம்பில் உள்ள லேசான கப்பியின் மேல் போய், மறுமுனையில் 2 கிலோ கட்டையைத் தொங்கவிடுகிறது. பிடித்திருந்த கையை எடுத்துவிட்டோம். கயிற்றில் இழுவிசை எவ்வளவு?

"தொங்குவது 2 கிலோ, 9.8-ஆல் பெருக்கினால் 19.6 நியூட்டன்." முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். அது சரியாக இருந்தால் தொங்கும் கட்டையின் மேல் கீழ்நோக்கி 19.6, மேல்நோக்கி 19.6, மொத்தம் பூச்சியம். அந்தக் கட்டை விழவே கூடாது. அதே நேரத்தில் மேசைக் கட்டையின் மேல் கிடைமட்டமாக 19.6 இருக்கிறது, அது முடுக்கம் பெறத்தான் வேண்டும். ஒரே கயிற்றில் கட்டிய இரண்டில் ஒன்று வேகமெடுக்க, மற்றது அசையாமல் தொங்குமா? நடக்காத காரியம்.

முறையாகப் போடுவோம். இரண்டையும் சேர்த்து ஒரே பொருளாக வெட்டினால் இழுவிசை உள்விசை ஆகிவிடுகிறது. இயக்கத்தின் வழியே தள்ளுவது தொங்கும் கட்டையின் எடை 19.6 மட்டும். நகர வேண்டிய மொத்த நிறை 5 கிலோ. முடுக்கம் 19.6-ஐ 5-ஆல் வகுத்தால் 3.92 மீ/வி². இப்போது மேசைக் கட்டையை மட்டும் தனியாக வெட்டினால் கிடைமட்டத்தில் அதை இழுப்பது கயிறு ஒன்றுதான். 3 கிலோவுக்கு 3.92 முடுக்கம் தர 11.76 நியூட்டன் வேண்டும். இழுவிசை அதுதான். தொங்கும் கட்டையிலும் சரிபார்க்கலாம்: 19.6-இல் 11.76 போனால் 7.84, 2 கிலோவை 3.92-ஆல் பெருக்கினாலும் 7.84.

இரண்டு கட்டைக்கும் ஒரே முடுக்கம் என்று எப்படி எழுதினோம்? கயிறு நீளாது என்பதால். இந்தக் கட்டை ஒரு அங்குலம் நகர்ந்தால் அதுவும் ஒரு அங்குலம் நகர்ந்தாக வேண்டும். விசையே இல்லாத அந்தத் தகவல் கைனமேட்டிக்ஸில் இருந்து வந்தது. அது இல்லையென்றால் முடுக்கம் இரண்டு, இழுவிசை ஒன்று என்று தெரியாதவை மூன்று, கையில் இருக்கும் விசைச் சமன்பாடுகள் இரண்டு என்று நின்றுவிடும்.

இதுவரை பார்த்ததைத் தொகுத்தால்: முதலில் யாரை வெட்டுகிறோம் என்று தீர்மானிக்கிறோம், தொடும் இடங்களிலும் எடைக்கும் அம்பு போடுகிறோம், கூட்டுத்தொகையை நிறை பெருக்கல் முடுக்கத்துக்குச் சமமாக எழுதுகிறோம், பொருள்கள் ஒன்றோடொன்று எப்படிக் கட்டுண்டு நகர்கின்றன என்ற தகவலைச் சேர்க்கிறோம். இழுவிசை கடைசியில்தான் தெரிகிறது.

லிஃப்ட்டில் எடை பார்க்கும் இயந்திரம்: இரண்டாம் அவசரம்

செங்குத்து விசைக்கும் இதே கதைதான். வகுப்பில் நார்மல் ரியாக்‌ஷன் என்பார்கள். ஒரு பரப்பு தன்னைத் தொடும் பொருளைத் தன் தளத்துக்குச் செங்குத்தாகத் தள்ளும் விசை. அது எடையின் எதிர்வினை என்று பலர் நம்புகிறார்கள். எடை என்பது பூமி உங்களை இழுப்பது. அதன் எதிர்வினை நீங்கள் பூமியை இழுப்பது. தரை தள்ளுவது வேறொரு விசை, எடையோடு அதற்குக் கட்டாயச் சம்பந்தம் எதுவும் கிடையாது.

60 கிலோ ஆள் ஒருவர் லிஃப்ட்டுக்குள் எடை பார்க்கும் இயந்திரத்தின் மேல் நிற்கிறார். இயந்திரம் காட்டுவது தான் அவரைத் தள்ளும் விசையை. முகப்பில் மட்டும் அதை 9.8-ஆல் வகுத்துக் கிலோவாக எழுதியிருக்கும். லிஃப்ட் 1.2 மீ/வி² முடுக்கத்தோடு மேலே கிளம்பும்போது செங்குத்து விசை 60 பெருக்கல் 11, அதாவது 660 நியூட்டன். முகப்பில் 67 கிலோவுக்குச் சற்று மேல். நடுவில் ஒரே வேகத்தில் ஏறும்போது 588 நியூட்டன், 60 கிலோ. மேல் மாடியை நெருங்கி அதே அளவில் வேகம் குறையும்போது 516 நியூட்டன், 53 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. மூன்று நிலையிலும் அவர் மேலேதான் போய்க்கொண்டிருக்கிறார். முகப்பு எண்ணை மாற்றியது முடுக்கத்தின் திசை.

நிறை பெருக்கல் முடுக்கம் ஒரு விசை இல்லை

விசை, நிறை, முடுக்கம் என்ற இன்றைய வடிவத்தில் இயக்க விதியை மூன்று அச்சுகளுக்கும் எழுதிப் பொறியாளர் கையில் கொடுத்தவர் கணிதவியலாளர் ஆய்லர், 1750 வாக்கில். அந்தச் சமன்பாட்டின் இடப்பக்கம் காரணம், வலப்பக்கம் விளைவு. விளைவைக் கொண்டுபோய்க் காரணங்களோடு சேர்த்து ஒரு அம்பாகப் போட்டுவிடுவது பெரிய குழப்பத்தின் தொடக்கம். மையவிலக்கு விசை பற்றிய வாக்குவாதம் முழுக்க இங்கேதான் பிறக்கிறது.

பேருந்து 36 கி.மீ. வேகத்தில், 25 மீட்டர் ஆரமுள்ள வளைவில் இடப்பக்கம் திரும்புகிறது. வேகம் வினாடிக்கு 10 மீட்டர். வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் முடுக்கம் 4 மீ/வி², வளைவின் மையத்தை நோக்கி. உள்ளே 60 கிலோ பயணி வளைவோடு திரும்ப 240 நியூட்டன் தேவை, அதுவும் மையத்தை நோக்கி. அதைத் தருவது இருக்கையின் உராய்வு, பக்கத்துக் கம்பி, சில சமயம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் தோள். சாலையோரம் நின்று பார்ப்பவருக்குக் கிடைமட்டத்தில் வேறு விசையே இல்லை. பயணிக்கு வலப்பக்கம் தள்ளப்படுவதாகத் தோன்றுவது, அவர் உடல் நேராகப் போகப் பார்க்கையில் பேருந்து அவருக்குக் கீழே இடப்பக்கம் திரும்புவதால்.

அப்படியானால் மையவிலக்கு விசை பொய்யா? பேருந்துக்குள் உட்கார்ந்து, பேருந்து அசையாததாக வைத்துக் கணக்குப் போடுவேன் என்றால், வெளிநோக்கி 240 நியூட்டன் ஒன்றைச் சேர்த்தால்தான் நியூட்டனின் விதி அங்கே பொருந்தும். கணக்கைப் பொருந்தச் செய்வதற்காகச் சேர்க்கும் இப்படிப்பட்ட விசைக்குப் போலி விசை என்று பெயர். பிரான்சின் டாலம்பெர் 1743-இல் முன்வைத்த கொள்கையின் பெயரால் நம் கல்லூரிகளில் சொல்லித்தரும் முறையும் இந்த வகைதான்: நிறை பெருக்கல் முடுக்கத்தை எதிர்த்திசையில் ஒரு விசை போலப் போட்டு, கணக்கை ஸ்டாடிக்ஸ் ஆக்கிவிடுவது. எந்த இடத்தில் நின்றும் கணக்குப் போடலாம், விடை ஒன்றே. சாலையோரம் நின்று முடுக்கத்தையும் எழுதி, பேருந்துக்குள் இருப்பது போல மையவிலக்கு விசையையும் போட்டால்தான் கெட்டது. என் கருத்து, முதல் முறை படிப்பவர்கள் டாலம்பெர் வழியைத் தேர்வில் கேட்டால் மட்டும் தொடுவது நல்லது. விசைகளை முழுக் கோட்டில் வரைந்து, நிறை பெருக்கல் முடுக்கத்தைப் பக்கத்தில் தனிப் படமாகப் போடும் பழக்கம் வந்துவிட்டால் இந்தக் குழப்பம் வராது.

உருளும்போது உராய்வு: மூன்றாம் அவசரம்

மூன்றிலும் இதுதான் நிறைய மதிப்பெண்ணை விழுங்குவது. மியூ என்று எழுதும் உராய்வுக் குணகத்தைச் செங்குத்து விசையால் பெருக்கினால் கிடைப்பது, வழுக்காமல் தாக்குப்பிடிக்கும் உராய்வின் உச்சவரம்பு. தொடும் பரப்புகள் வழுக்காத வரை உராய்வு அந்த வரம்புக்குள் எந்த மதிப்பையும் எடுக்கும், பூச்சியம் உட்பட. எவ்வளவு தேவையோ அவ்வளவு. வழுக்கத் தொடங்கிய பிறகுதான் பெருக்கி எழுதலாம், அப்போதும் இயக்க உராய்வுக்குரிய குணகத்தை வைத்து.

30 டிகிரி சரிவில் 6 கிலோ திண்ம உருளை ஒன்று வழுக்காமல் உருண்டு இறங்குகிறது. உராய்வுக் குணகம் 0.4. சரிவின் வழியே எடையின் கூறு 29.4 நியூட்டன். செங்குத்து விசை 50.9, ஆக உராய்வின் வரம்பு 20.4. இந்த 20.4-ஐயே உராய்வாக எழுதிவிட்டால் முடுக்கம் 1.5 மீ/வி² என்று வரும்.

இங்கே பொருள் சுழல்கிறது, எனவே இரண்டாவது சமன்பாடு ஒன்று தேவை. திருப்பு விசை என்பது விசையையும், சுழலும் மையத்தில் இருந்து அந்த விசையின் கோட்டுக்கு உள்ள செங்குத்துத் தூரத்தையும் பெருக்கியது. நேர்கோட்டு இயக்கத்தில் நிறைக்கு உள்ள வேலையைச் சுழற்சியில் செய்வது நிலைமத் திருப்புத்திறன். நிறை அச்சில் இருந்து எவ்வளவு தள்ளிப் பரவியிருக்கிறதோ அவ்வளவு கூடும். திண்ம உருளைக்கு அது நிறை பெருக்கல் ஆரத்தின் வர்க்கத்தில் பாதி. சுழலும் வேகம் எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பது கோண முடுக்கம். திருப்பு விசை = நிலைமத் திருப்புத்திறன் × கோண முடுக்கம்.

நிறை மையத்தைச் சுற்றி உருளையைச் சுழற்றுவது உராய்வு ஒன்றுதான். எடையும் செங்குத்து விசையும் மையத்தின் வழியே போவதால் திருப்பாது. வழுக்காமல் உருள்வதால் மையத்தின் முடுக்கம் ஆரம் பெருக்கல் கோண முடுக்கத்துக்குச் சமம். இவற்றைச் சேர்த்தால் ஆரம் அடிபட்டுப் போய், உராய்வு என்பது நிறை பெருக்கல் முடுக்கத்தில் பாதி என்று வருகிறது. இங்கே முடுக்கத்தின் 3 மடங்கு. சரிவின் வழியே எழுதினால், 29.4-இல் அந்த உராய்வைக் கழித்தது 6 பெருக்கல் முடுக்கம். முடுக்கம் 3.27 மீ/வி², உராய்வு 9.8 நியூட்டன். வரம்பு 20.4 என்பதால் வழுக்காது என்ற நம் அனுமானமும் சரி.

அந்தக் கடைசி வரியைத்தான் பலர் எழுதாமல் விடுகிறார்கள். குணகம் 0.4-க்குப் பதில் 0.1 என்று இருந்தால் வரம்பு 5.1 நியூட்டன்தான், தேவை 9.8. உருளை வழுக்கும். அப்போது உராய்வு, இயக்க உராய்வுக்கும் அதே 0.1 என்று கொண்டால், 5.1, முடுக்கம் 4.05. ஆரத்தையும் கோண முடுக்கத்தையும் கட்டிய வரி செல்லாததாகிவிடும். ஆக இந்த வகைக் கணக்கில் முதலில் வழுக்கவில்லை என்று வைத்துப் போட்டு, வந்த உராய்வை வரம்போடு ஒப்பிட்டு, மீறினால் மறுபடி போட வேண்டும். கொஞ்சம் எரிச்சலான வேலைதான். ஆனால் இயற்கை எந்தப் பக்கம் போகும் என்று கேள்வித்தாள் சொல்லாதபோது வேறு வழி கிடையாது.

இதே சரிவில் திண்ம உருளைக்குப் பதில் மெல்லிய வளையத்தை விட்டால் முடுக்கம் 2.45 மீ/வி². நிறை எவ்வளவு, ஆரம் எவ்வளவு என்பது பொருட்டே இல்லை. நிறை விளிம்பில் குவிந்திருக்கிறதா, உள்ளே பரவியிருக்கிறதா என்பதுதான் முடிவு செய்கிறது. அப்புறம், உராய்வு எப்போதும் இயக்கத்துக்கு எதிர்த்திசை என்ற பாட்டையும் இங்கேயே விட்டுவிடலாம். பைக்கில் ஆக்சிலேட்டரைத் திருகும்போது பின்சக்கரத்தின் மேல் சாலை தரும் உராய்வு முன்னோக்கித்தான் இருக்கும். அது இல்லாவிட்டால் வண்டி கிளம்பாது. சேற்றில் சக்கரம் சும்மா சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள்.

மூன்று அவசரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்: இழுவிசை, செங்குத்து விசை, வழுக்காத உராய்வு ஆகியவை மூன்றும் இயக்கத்தின் மேல் இருக்கும் கட்டுப்பாட்டைக் காப்பாற்றப் பிறக்கும் விசைகள். கயிறு நீளக் கூடாது, தரைக்குள் இறங்கக் கூடாது, தொடும் இடத்தில் வழுக்கக் கூடாது. அதற்கு எவ்வளவு தேவையோ அதுவே அவற்றின் அளவு. எடை, ஸ்பிரிங் விசை, வழுக்கும்போது உள்ள உராய்வு ஆகியவற்றை மட்டும் சூத்திரத்தில் இருந்து நேரே எழுதலாம்.

எந்த வழியில் போவது

முடுக்கத்தின் வழியாகவே எல்லாக் கணக்கையும் போட முடியும். ஆனால் எப்போதும் அது சுருக்கமான வழி இல்லை. இன்னும் இரண்டு வழிகள் உண்டு, இரண்டும் அதே விதியைத் தொகையீடு செய்து பெற்றவை.

தூரமும் வேகமும் மட்டும் பேசப்படும் இடத்தில் வேலை–ஆற்றல் முறை. விசையையும், அதன் திசையில் நகர்ந்த தூரத்தையும் பெருக்கினால் வேலை. நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் இயக்க ஆற்றல். செய்யப்பட்ட மொத்த வேலை இயக்க ஆற்றலின் மாற்றத்துக்குச் சமம். மேசைக் கணக்கில் தொங்கும் கட்டை 1 மீட்டர் இறங்கியபோது வேகம் என்ன? புவியீர்ப்பு செய்த வேலை 19.6 ஜூல், அது 5 கிலோவுக்குப் போகிறது, வேகம் 2.8 மீ/வி. இழுவிசையைக் கண்டுபிடிக்கவே தேவைப்படவில்லை. ஒரு கட்டையில் அது செய்த வேலையும் மற்றதில் செய்ததும் அடிபட்டுப் போகின்றன. இழுவிசையைக் கேட்டிருந்தால் இந்த முறை வாயைத் திறக்காது, அது வேறு.

பிரேக் தூரமும் இந்த முறையில் இரண்டு வரிதான். சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வழுக்கும் வண்டி, குணகம் 0.5. 36 கி.மீ. வேகத்தில் 10.2 மீட்டரில் நிற்கும். 72 கி.மீ. வேகத்தில் 40.8 மீட்டர். வேகம் இரண்டு மடங்கு, தூரம் நான்கு மடங்கு. வண்டியின் நிறை இரண்டு பக்கமும் அடிபட்டுப் போவதால் விடையில் வராது.

மோதல், அடி, உதை என்று ஒரு கணத்தில் முடியும் விஷயங்களுக்குக் கணத்தாக்கு–உந்தம் முறை. நிறை பெருக்கல் திசைவேகம் உந்தம். விசையை அது செயல்பட்ட நேரத்துக்குத் தொகுத்தால் கணத்தாக்கு. கணத்தாக்கு உந்தத்தின் மாற்றத்துக்குச் சமம். 15 மீ/வி வேகத்தில் வரும் 1,000 கிலோ கார், நிற்கும் 1,500 கிலோ வேனில் மோதி ஒட்டிக்கொள்கிறது. மோதும் நேரத்தில் இரண்டுக்கும் இடையே உள்ள விசை எவ்வளவு, எப்படி மாறியது என்று யாருக்கும் தெரியாது. இரண்டையும் சேர்த்து வெட்டிவிட்டால் அது உள்விசை, தெரிய வேண்டியதும் இல்லை. மொத்த உந்தம் 15,000. அதை 2,500-ஆல் வகுத்தால் மோதிய உடன் வேகம் 6 மீ/வி. இங்கே ஆற்றல் முறையை எடுத்திருந்தால் தப்பாகிவிடும். மோதலுக்கு முன் இயக்க ஆற்றல் 1,12,500 ஜூல், பின் 45,000. மீதி தகரத்தை நசுக்கவும் சூடாகவும் போய்விட்டது.

விடை சரியா என்று பார்ப்பது

டைனமிக்ஸ் விடையைப் புத்தகத்தின் பின்பக்கம் பார்க்காமலே சோதிக்கலாம். எண்களைக் கடைசி வரியில் மட்டும் போடுங்கள். மேசைக் கணக்கை எழுத்துகளிலேயே முடித்தால், இழுவிசை என்பது இரண்டு நிறைகளையும் பெருக்கி, அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்து, அதை 9.8-ஆல் பெருக்கியது என்று வரும். மேசைக் கட்டையின் நிறையைப் பூச்சியம் ஆக்கினால் இழுவிசை பூச்சியம். தொங்கும் கட்டை தடையின்றி விழுகிறது, சரி. மேசைக் கட்டை 300 கிலோ என்று வைத்தால் இழுவிசை 19.47 நியூட்டன். ஆக, தொங்கும் எடைக்குச் சமம் என்று எழுதிய அந்த 19.6, மறுமுனை அசையவே அசையாத அளவுக்குக் கனமாக இருந்தால் மட்டும் நெருங்கும் மதிப்பு. உருளைக் கணக்கில் சரிவை 0 டிகிரி ஆக்கினால் உராய்வும் பூச்சியம் ஆக வேண்டும். லிஃப்ட்டின் முடுக்கத்தைக் கீழ்நோக்கி 9.8 என்று போட்டால் எடை இயந்திரம் பூச்சியம் காட்ட வேண்டும்.

மைனஸ் குறி வந்தால் பதற வேண்டாம், ஆனால் எதற்கு வந்திருக்கிறது என்று பாருங்கள். முடுக்கத்துக்கோ வழுக்காத உராய்வுக்கோ வந்தால், நீங்கள் அம்பு போட்ட திசைக்கு நேர் எதிரே இருக்கிறது என்பதே பொருள். கணக்கை மாற்ற வேண்டாம். இழுவிசைக்கோ செங்குத்து விசைக்கோ வந்தால் அது வேறு சேதி. கயிறு தள்ளாது, தரை இழுக்காது. கயிறு தளர்ந்துவிட்டது, அல்லது பொருள் தரையை விட்டுக் கிளம்பிவிட்டது. அந்த அம்பை அழித்துவிட்டுப் புது விசைப்படத்தில் இருந்து தொடங்க வேண்டும்.